பழைய எம்எக்ஸ்-5 டிராக்கில் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இரண்டு சீட் ஓப்பன் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், அதாவது 1989இல் வந்த என்ஏவும் அதற்குப் பின் 2005 வரை வந்த என்பியும். இவற்றில் புதுப்புதுக் கோளாறு எதுவும் வருவதில்லை. வந்ததே வரும். வேலைநாளில் ரோடு, விடுமுறையில் டிராக் என்று ஓட்டினால் கொஞ்சம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் பர்ஸைக் காலி செய்வதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

இந்தக் காரை வாங்கியதும் டர்போ, கேம், பெரிய பிரேக் கிட் என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது வயதான ரப்பர் ஹோஸை அப்படியே விட்டுவிட்டுக் குதிரைத்திறனை ஏற்றினால் அந்த ஹோஸ்தான் முதலில் போகும். பழைய ரப்பர், பழைய ஆயில், பழைய வயர் இவற்றை மாற்றுவதுதான் இந்தக் காருக்கு முதல் அப்கிரேடு. அப்புறம், காருக்கு அடியில் படுக்க வேண்டிய வேலைக்கு ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள்.

## பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது

### டிராக்கில் சில சுற்றுகளுக்குப் பிறகு மட்டும்

முதல் சுற்றில் கெட்டியாக இருந்த பெடல், சூடேறியதும் மெத்தென்று அமுங்கித் தரையை நோக்கிப் போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான். டாட் 5.1க்கு இதே எண்கள் 260, 180. சாதாரணமாக ரோட்டில் ஓட்டும்போது அந்தச் சூடு வராது, அதனால்தான் "நேற்றுகூட நன்றாகப் பிடித்ததே" என்று எல்லோரும் குழம்புகிறார்கள்.

டப்பாவில் மேலாகக் கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் வேலைக்கு ஆகாது, நான்கு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும்வரை ப்ளீட் பண்ணுங்கள். டிராக் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுதாக மாற்ற வேண்டும், அடிக்கடி போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் ப்ளீட் பண்ணிக்கொள்வது நல்லது. டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிக்கான் ஆயில், 5.1 இல்லை. இந்தக் காரில் ஊற்றாதீர்கள், மற்றதோடு சேராது.

டிராக்கிலேயே இது நடந்தால் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம், கியரில் போட்டு நிறுத்துங்கள். ஆறியதும் பெடல் ஓரளவு திரும்பி வரும். அதை நம்பி மறுபடி டிராக்குக்குப் போகாதீர்கள்.

### எப்போதும் ஆழமாகப் போகிறது, ப்ளீட் பண்ணியும் சரியாகவில்லை

முதலில் பின் காலிப்பரை, அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியைப் பாருங்கள். அதில் ஹேண்ட்பிரேக்குக்கான அட்ஜஸ்டர் உள்ளேயே இருக்கிறது, பேட் மாற்றும்போது பலர் இதை விட்டுவிடுவார்கள். காலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. தலை கொண்ட போல்ட் ஒன்று இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும் துளை தெரியும். கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பிச் சக்கரம் சுற்றாமல் பிடிக்கும்வரை இறுக்குங்கள், பிறகு மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பி விடுங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காததும் பெடல் ஆழமாகப் போவதும் சேர்ந்தே இருந்தால் பெரும்பாலும் இதுதான். இதைப் பார்க்காமலே மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

இது சரியாக இருந்தால் ரப்பர் ஹோஸ். ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், உப்பினால் நான்கையும் மாற்றுங்கள். எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்குவது காசுக்குத் தகுந்த அப்கிரேடு.

ஹோஸும் நன்றாக இருந்து, பெடலை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவும் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது. பிரேக் லைன் கழற்றிப் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

### பெடல் கெட்டியாக இருக்கிறது, கார்தான் நிற்கவில்லை

இதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை, பேட் அதன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. ரோட்டு பேட்டை வைத்து டிராக் ஓட்டினால் நடப்பது இது. டிராக் பேட் போடுங்கள். ஆனால் அதே பேட் ரோட்டில், குளிர்ந்திருக்கும்போது, முதல் பிடியில் மந்தமாக இருக்கும், கத்தும், வீலெல்லாம் கரியாகும். ஒரே பேட்டில் இரண்டும் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது இரண்டிலும் அரைகுறையான ஒன்று. டிராக்குக்கு முன்னால் மாற்றி, வந்ததும் திரும்ப மாற்றிக்கொள்வதுதான் என் பழக்கம். பாதிக்குக் கீழே தேய்ந்த பேட்டோடு டிராக்குக்குப் போகாதீர்கள், மெல்லிய பேட் சூட்டை நேராகக் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும்.

பெரிய காலிப்பர் எல்லாம் இந்த எடைக்கு ரொம்பப் பிறகு யோசிக்க வேண்டியது. நல்ல பேட், புது ஆயில், டிஸ்க்குக்குக் காற்று போக ஒரு குழாய், இவை மூன்றும் போதாமல் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ரோட்டில் மெதுவாகப் போகும்போதே பெடல் கல்லாக இருந்தால் பூஸ்டரை, அதாவது கால் அழுத்தத்துக்குக் கைகொடுக்கும் பாகத்தைச் சோதியுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பல தடவை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் வேக்கம் ஹோஸையும் அதிலிருக்கும் வால்வையும் பாருங்கள், பூஸ்டர் கடைசி.

## பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. சூடான பேட்டின் பொருள் டிஸ்க் மேல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். வீல் நட்டுகள் எல்லாம் மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இருக்கின்றனவா, டிஸ்க்கும் ஹப்பும் சேரும் முகத்தில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆளில்லாத, அனுமதியுள்ள இடத்தில் நல்ல வேகத்திலிருந்து நின்றுவிடாமல் அழுத்தமாகப் பல தடவை பிரேக் பிடித்து, கடைசியில் பிரேக் போடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பல கார்களில் உதறல் இதிலேயே போய்விடும்.

போகாவிட்டால் டிஸ்க்கின் தடிமனை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். மேற்பரப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம், நகம் மாட்டும் அளவு இருந்தாலோ ஓரம்வரை போயிருந்தாலோ அன்றே தூக்கிப் போடுங்கள். பிரேக் பிடிக்காதபோதும் உதறினால் கதையே வேறு. வீல் பேலன்ஸ் பாருங்கள், சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் பேரிங்.

## கியர் விழவில்லை, கிராக் என்று சத்தம் வருகிறது

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். கறுத்திருந்தாலோ குறைந்திருந்தாலோ கியர்பாக்ஸ் பக்கம் இருந்து கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்குங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் ஆள் கிடைத்துவிட்டான். இந்தக் கார்களில் ரொம்பச் சாதாரணமான கோளாறு இது. இரண்டே போல்ட், வீட்டிலேயே செய்யலாம். புது ஸ்லேவ் போட்டதும் பழைய மாஸ்டர் கொஞ்ச நாளில் கசிய ஆரம்பிப்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன், அதனால் இரண்டையும் நடுவில் இருக்கும் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

ஹைட்ராலிக் எல்லாம் சரி, குளிரில் இரண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் கியர் ஆயில் மாற்றுங்கள், 75டபிள்யூ-90, ஜிஎல்-4 ரகம். கியர் லீவர் தொளதொளவென்று ஆடி, அந்தப் பக்கமிருந்து சூடும் சத்தமும் உள்ளே வந்தால் லீவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கும். அதை மாற்றும்போதே மேலே இருக்கும் சின்ன ஆயில் குழியையும் நிரப்புங்கள், அது கியர்பாக்ஸ் ஆயிலோடு சேராத தனி இடம்.

கியர் சரியாக விழுகிறது, ஆனால் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கும் வேலை, ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். இறக்கும்போதே பின் கிராங்க் சீலையும் மாற்றச் சொல்லுங்கள்.

## சூடு ஏறுகிறது

முதலில் ஒரு எச்சரிக்கை. டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். இந்த வரிசையின் பல கார்களில் அந்த முள் சூடு கணிசமாக ஏறினாலும் நடுவிலேயே நிற்கும், அது நகரத் தொடங்கும்போது பிரச்சினை முற்றியிருக்கும். டிராக்குக்குப் போகும் காருக்கு எண் காட்டும் தனி மீட்டர் ஒன்று போடுங்கள்.

### நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும்

ஃபேன். என்ஏவில் இன்ஜின் பக்கம் இருக்கும் டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஎஃப்ஏ என்ற முனையையும் ஜிஎன்டி என்ற முனையையும் ஒரு வயரால் இணைத்து, இக்னிஷனை ஆன் செய்தால் முதன்மை ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார் நல்லது, தெர்மோஸ்விட்சையும் அதன் வயரையும் பாருங்கள். ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், இந்த வரிசையில்.

### வேகமாக ஓட்டும்போது மட்டும்

கூலண்ட் அளவைப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும். அளவு சரியென்றால் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். மூக்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா? பழைய கார்களில் யாரோ எப்போதோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் கீழே தப்பித்துப் போய்விடும். ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால் ஃபோம் வைத்து அடையுங்கள். இரண்டுக்கும் செலவு கொஞ்சம்தான், பலன் நிறைய.

அடுத்து ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட். இரண்டும் மலிவு, சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா என்று பாருங்கள். பழுப்பானால் அது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது, வெடித்த பிறகு மாற்றுவதைவிட முன்னாலேயே மாற்றுவது எவ்வளவோ மேல். டிராக்குக்கு முழு அலுமினிய ரேடியேட்டர் போடலாம்.

கூலண்ட் குறைகிறது, கசிவு கண்ணில் படவில்லை என்றால் ஹீட்டர் ஹோஸ்கள், அப்புறம் 1.8 லிட்டர் இன்ஜினில் ஆயில் ஃபில்டர் பக்கம் ஒளிந்திருக்கும் சின்ன ஹோஸ்கள். கைக்கு எட்டாத இடம் என்பதால் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றிய பிறகு காரின் மூக்கைத் தூக்கி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, காற்றெல்லாம் வெளியேறும்வரை நிரப்புங்கள். உள்ளே சிக்கிய காற்றே சூடு ஏறுவதுபோலக் காட்டும்.

இவ்வளவும் சரி, ஆனாலும் டிராக்கில் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கூலண்ட் ரீரூட். இந்த இன்ஜினில் தண்ணீர் முன்பக்கமே நுழைந்து முன்பக்கமே வெளியேறுவதால் நான்காவது சிலிண்டர் அதிகச் சூட்டில் ஓடும். வெளியேறும் வழியை இன்ஜின் தலையின் (சிலிண்டர் ஹெட்) பின்பக்கத்துக்கு மாற்றுவதுதான் ரீரூட். டர்போ போட நினைப்பவர்கள் இதை முன்னாலேயே செய்துவிடுங்கள், ரோட்டில் மட்டும் ஓட்டும் காருக்குத் தேவையில்லை.

### ஹோஸ் கல்லாக இறுகுகிறது, கூலண்ட் குமிழி விடுகிறது

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் இறுகினால் ஹெட் காஸ்கெட் (தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) சந்தேகம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற ரசாயனச் சோதனைக் கிட் கிடைக்கும், நீலம் மஞ்சளானால் எரிந்த புகை கூலண்டில் கலக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள். தலையைக் கழற்றிச் சமதளம் பார்த்துச் சீவுவது மெஷின் ஷாப் வேலை.

## இழுவை குறைகிறது, விட்டுவிட்டு வெட்டுகிறது

### நீண்ட வளைவுகளில் மட்டும்

டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்புங்கள். சிரிக்காதீர்கள், பெட்ரோல் குறைவாக இருந்தால் வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். நிரப்பியதும் போய்விட்டால் வேலை முடிந்தது.

### முழு ஆக்சிலரேட்டரில், நடு ஆர்பிஎம்மில்

பிளக் வயர்கள். இந்த இன்ஜின்கள் வயர்களைத் தின்றுவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள், பொறி பறந்தால் வேறு சாட்சி வேண்டாம். கூடவே பிளக்குகளைக் கழற்றி இடைவெளி 1.1 மி.மீ. பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் காஸ்கெட் போய்விட்டது, மாற்றிவிட்டு அந்தச் சின்ன போல்ட்டுகளை மென்மையாக இறுக்குங்கள், 5 முதல் 9 நியூட்டன் மீட்டருக்குள். மேலே போனால் அலுமினிய மரை போய்விடும். பிறகு பெட்ரோல் ஃபில்டர், அதற்கும் பிறகு காயில்.

### ஐடில் ஏறி இறங்குகிறது

1.6 காரில் காற்று மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே போகும் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். மடிப்புக்குள்ளே விரிசல் ஒளிந்திருக்கும். மீட்டர் அளக்காத காற்று அந்த வழியாகப் போய்க் கணக்கைக் கெடுக்கும். அது சரி என்றால் வேக்கம் ஹோஸ்கள், த்ராட்டில் பாடி சுத்தம், ஐடில் வால்வ்.

### எதைச் செய்தாலும் மந்தமாகவே இருக்கிறது, 1991 தொடக்கம்வரை வந்த 1.6

டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் இணைத்து, பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். ஐடிலில் 10 டிகிரி இருக்க வேண்டும். சரி செய்த பிறகும் நாளடைவில் விலகிப்போனால், கிராங்க் புல்லி தள்ளாடி ஓடினால், அது பேர்போன சின்ன மூக்குக் கிராங்க், அதாவது புல்லி மாட்டும் முன்முனை குட்டையாக இருக்கும் ரகம். புல்லியின் நடுவில் 4 பள்ளம் இருந்தால் சின்ன மூக்கு, 8 இருந்தால் பிந்தைய பெரிய மூக்கு. சின்ன மூக்கில் புல்லியைப் பிடித்திருக்கும் சாவிப்பள்ளம் அகன்றுவிடும். ஆரம்பநிலை என்றால் பசை போட்டு ஒட்டிச் சரியான டார்க்கில் இறுக்குகிறவர்கள் உண்டு, டிராக் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இன்ஜினையே 1.8க்கு மாற்றுவதை மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசுங்கள்.

## ஆயில் சொட்டுகிறது, டிக்டிக் என்கிறது

கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் எல்லோரும் பின் கிராங்க் சீல் என்று பயமுறுத்துவார்கள். என்ஏ என்றால் முதலில் தலையின் பின்பக்கம், கேம் ஆங்கிள் சென்சார் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் ஒரு ஓ-ரிங் காய்ந்து கசிந்தால், ஆயில் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். கழற்றுவதற்கு முன் சென்சார் இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், மாட்டிய பிறகு டைமிங்கைச் சரிபாருங்கள்.

டிக்டிக் சத்தம் என்ஏவில் பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் மாற்றி, நன்றாக ஓட்டிச் சூடாக்கினால் குறையும், காதுக்கு எரிச்சலே தவிர ஆபத்து இல்லை. சத்தம் தொக்தொக் என்று கனமாக, ஆர்பிஎம்மோடு ஏறினால் நிறுத்துங்கள், அது பேரிங். ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் டோ வண்டி கூப்பிடுங்கள்.

டிராக்குக்குப் போகும்போது டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டில் ஆயில் இருக்கட்டும், ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் பாருங்கள். 1995 முதல் வந்த என்ஏவில் ஆயில் பிரஷர் முள் உண்மையான அளவைக் காட்டாது, இருக்கிறது இல்லை என்று மட்டுமே சொல்லும், ஆகவே தனி மீட்டர்.

## கார் அலைகிறது, மேட்டில் டொக் என்கிறது

டயரின் காற்று, அதன் வயது. பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் வருடமும், 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பட்டன் நன்றாக இருக்கிறது என்று பத்து வருடப் பழசான டயரில் டிராக் ஓட்டாதீர்கள். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டிராக்குக்குக் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) போதவில்லை, உள் ஓரம் மட்டும் என்றால் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தப்பாக இருக்கலாம்.

டொக் சத்தத்துக்கு முதலில் ஸ்டெபிலைசர் லிங்க், பிறகு பால் ஜாயின்ட், பிறகு புஷ்கள். கடப்பாரையால் நெம்பினால் எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். பழைய ரப்பர் புஷ்ஷோடு விலையுயர்ந்த காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) போடுவது வீண். பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் காரை ஓட்டவே கூடாது, ரோட்டில்கூட.

அலைன்மென்ட் நிச்சயம் ஒர்க்‌ஷாப் வேலை. ஆனால் போவதற்குச் சில நாட்கள் முன்பே, கீழ் ஆர்ம்களில் இருக்கும், கோணத்தை மாற்ற உதவும் கேம் போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெயைத் தினமும் அடித்து வையுங்கள். இவை புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அலைன்மென்ட்காரர் கையை விரித்துவிடுவார், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அசைகிற போல்ட் என்றால் வெளியே எடுத்து, கிரீஸ் தடவி மாட்டிவிட்டுப் போங்கள், அடுத்த முறை ரோட்டு செட்டிங்குக்கும் டிராக் செட்டிங்குக்கும் மாற்றுவது அரைமணி நேர வேலையாகிவிடும்.